பூவாயி லாக் எடுக்கவில்லை

முட்டக்காட்டு மலையில் பிக்கப் ஓட்டுகிறவர்கள், தார்ரோடு தொடங்கும் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி, முன்சக்கரம் இரண்டின் நடுவிலும் இருக்கும் ஹப் என்கிற பூட்டை லாக்கிலிருந்து ஃப்ரீக்குத் திருப்பிவிடுவார்கள். மறந்தால் மலையும் கூடவே வந்துவிடும்.

பூவாயி ஒருநாளும் மறந்ததில்லை. அந்த வியாழக்கிழமை திருப்புவதாகவே இல்லை.

மலையை ஹோட்டல்காரர்களுக்குக் கொடுத்தாயிற்று, சாயங்காலத்துக்குள் எல்லோரும் இறங்கி வாருங்கள் என்று கீழூர் அதிகாரி ஆள் அனுப்பியிருந்தார். பூவாயியின் வீடு, காய்த்துத் தொங்கும் பலா, புருஷனைப் புதைத்த இடம், எல்லாம் மேலேதான்.

"எறங்கத்தானே சொல்றாங்க? எறங்கிட்டாப் போச்சு" என்றாள் கொழுந்தன் சடையனிடம்.

காலையிலேயே ஹப்பைக் கழற்றி டீசலில் கழுவினாள். கிரீஸை விரல்நுனியால் மெல்லத் தடவினாள். அள்ளி அப்பினால் பிடி நிற்காது. போன வருஷம் இன்னொரு பிக்கப்காரன் மாரப்பன் அப்படித்தான் அப்பி, லாக்கையும் எடுக்காமல் போனான். கொஞ்ச தூரத்திலேயே மலை நழுவித் திரும்பிப் போய்விட்டது. ஒரு கம்பங்கொல்லை மட்டும் தார்ரோட்டு வளைவில் தங்கிவிட்டது. இன்னும் அங்கேதான் விளைகிறது. பஸ் சுற்றிக்கொண்டு போகிறது.

புளியமரத்தடியில் வண்டி மெதுவானதும், பழக்கதோஷத்தில் சடையன் குதித்து ஹப்பில் கை வைத்தான்.

"தம்பி, கையை எடு! ஒரு பக்கம் மட்டும் பிடிச்சா மலை கோணிக்கிட்டு வரும். மேல புள்ளைங்க பள்ளிக்கூடத்துல ஒக்காந்திருக்குது."

"அட, ஆமாங்க அண்ணி" என்று ஏறிக்கொண்டான்.

ஸ்டியரிங் கனத்தது. டயர் தாரில் முனகியது. பின்னால் மலை நிதானமாக வந்தது.

கீழூர் ஆபீஸ் வாசலில் நிறுத்தினாள். மலை ஆபீசுக்கு அடியில் புகுந்து அதைத் தூக்கிக்கொண்டு நின்றது. அதிகாரி உருண்டோடிய பேனாவைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"வரச் சொன்னீங்க, வந்துட்டோம். ஒருத்தர் பாக்கியில்லைங்க. இனி ஒரு அடி நகர மாட்டோம்!"

அதிகாரி யோசித்தார். "இறங்கி வந்துட்டீங்க, உங்க மேல தப்பில்லம்மா. ஆனா ஆபீஸ் இப்ப மலைமேல இருக்கு. நாங்கதான் இறங்கணும்."

மேசை நாற்காலிகளை ஜீப்பில் ஏற்றினார்கள். சரிவு செங்குத்தாக இருந்ததால் ஹப்பை லாக்கில் போட்டார்கள். மலையைப் பூவாயியின் வண்டி பிடித்திருந்ததால் ஜீப்புக்கு ஊர்தான் கிடைத்தது. மார்க்கெட்டும் தண்ணீர்த் தொட்டியும் பஸ் ஸ்டாண்டும் அதன் பின்னால் கிளம்பின. பஸ்சுக்குக் காத்திருந்தவர்கள் உட்கார்ந்தபடியே போனார்கள்.

"தம்பி, ஓரமா நில்லு" என்றாள் பூவாயி. "ஊர் போகுது."