பச்சை பூசிய தெரு

அந்தத் தெருக்காரர்கள் வெளியாளிடம் எதையும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். குழாயில் சொட்டுத் தண்ணீர் வராத நாளில் விருந்தாளி வந்தால், ரொம்ப வந்ததால் இப்போதுதான் அடைத்தோம் என்பார்கள். இரண்டு வருடத்துக்கு முன் எந்தெந்தத் தெருவில் இணையம் இல்லை என்று அரசாங்க ஆள் விசாரிக்க வந்தபோதும் அதே கதைதான். நெட் இங்கே பறக்கும் என்று டெய்லரம்மாவின் கொழுந்தனார் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். அலுவலக வரைபடத்தில் தெரு முழுக்கப் பச்சை பூசிவிட்டார்கள். பச்சை என்றால் ஏற்கெனவே வசதி உண்டு.

உண்மையில் அங்கே நெட்டுக்குத் தவழக்கூடத் தெரியாது. டெய்லரம்மாவின் போனில் ஒரு கல்யாணப் படம் இறங்கத் தொடங்கியது. மாப்பிள்ளையின் முடி தெரிந்தபோது அவர்களுக்குத் தலைப்பிள்ளை பிறந்திருந்தது. மீசை தெரிந்தபோது அது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தது. பெண்ணின் முகம் இன்னும் வரவில்லை. சந்தேகமிருந்தால் போனை வாங்கிப் பார்க்கலாம்.

இப்போது அரசாங்கச் செலவில் வீட்டுக்கு வீடு இணையக் கேபிள் வந்துகொண்டிருந்தது, ஏழைபாழைகளும் கட்டக்கூடிய கட்டணத்தில். பள்ளம் தோண்டும் இயந்திரம் பெரிய சாலையைக் கிழித்துக்கொண்டு தெருமுனைவரை வந்து, பச்சைத் தெரு என்று மூக்கைத் திருப்பிக்கொண்டது. வெள்ளிக்கிழமை அது வேறு ஊருக்குப் போய்விடும். போனால் போனதுதான்.

டெய்லரம்மாவுக்கு அது வயிற்றில் அடிக்கிற விஷயம். நர்சுகளின் சீருடை தைக்கும் வேலையை ஓர் ஆஸ்பத்திரி அவருக்குத் தருவதாக இருந்தது. வெட்டும் அளவுகள் எல்லாம் நெட்டில்தான் வரும். மாதக் கடைசிக்குள் லைன் இல்லையென்றால் வேலை வேறு ஆளுக்கு. மனு மேல் மனு போட்டார். வியாழக்கிழமை காலை, நெட் உண்டா இல்லையா என்று பார்க்க ஓர் ஆய்வாளர் வந்தார்.

தெருவே தலைவாரிக்கொண்டு கூடியது. ஆய்வாளர் வாயைத் திறப்பதற்குள், குறை என்று ஒன்றும் கிடையாது என்று மளிகைக்கடைக்காரர் முந்திக்கொண்டார். கொழுந்தனார் நாற்காலி போட்டார். ஆய்வாளர் மகிழ்ந்துபோய், கையிலிருந்த டேப்லெட் கணினியில் 'வசதி உண்டு' என்று தட்டிவிட்டு எழுந்தார்.

அதை எங்கிருந்து அனுப்பவேண்டும் என்று டெய்லரம்மா விசாரித்தார். ஆய்வு செய்த இடத்திலிருந்தேதான், அதுதான் விதி என்றார் அவர்.

"அப்ப உக்காருங்க சார். அது போனதும் நீங்க போகலாம்."

ஆய்வாளர் அனுப்பும் பொத்தானை அமுக்கினார். திரையில் வட்டம் சுற்றியது. பத்தரைக்குச் சுற்றத் தொடங்கிய வட்டத்துக்கு மத்தியானம் தலைசுற்றி மயக்கமே வந்துவிட்டது. ஆய்வாளர் மொட்டைமாடிக்கு ஏறினார். கொடிக்கம்பின் நுனியில் டேப்லெட்டைக் கட்டித் தூக்கிப் பார்த்தார். கொழுந்தனார்தான் கம்பைப் பிடித்திருந்தார். டெய்லரம்மா அதற்குள் நாலு சட்டை தைத்து முடித்து, ஆய்வாளரின் சட்டையில் தொங்கிய பித்தானையும் இறுக்கிக் கொடுத்தார்.

மூன்று மணிக்கு ஆய்வாளர் கீழே வந்து, ஆபீசில் போய் அனுப்பிக்கொள்கிறேன் என்று கெஞ்சினார்.

"அங்கேருந்து அனுப்பினா ஆபீஸ்ல நெட் இருக்குன்னு அர்த்தம். இங்க இருக்கான்னுதானே சார் கேட்டாங்க?"

"தெருவே இருக்குன்னு சொல்லுதேம்மா."

டெய்லரம்மா மாடியை அண்ணாந்து பார்த்தார். "தம்பி, உங்க கௌரவத்துக்கு நான் எத்தனை நாள் பட்டினி கெடக்கணும்? இறங்கி வந்து சொல்லுங்க."

கொழுந்தனார் கம்போடு இறங்கி வந்தார். கம்பைச் சுவரில் சாய்த்துவைத்தார். "இல்ல சார்," என்றார்.

"என்ன இல்ல?"

"ஒண்ணுமே இல்ல சார். அண்ணி சொல்றதுதான் நெசம்."

அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. நெட் இல்லை, தண்ணீர் இல்லை, சாக்கடை இல்லை என்று ஆளாளுக்குத் தொடங்கினார்கள். ஒருத்தி தன் புருஷனுக்குப் புத்தி இல்லை என்பதையும் எழுதிக்கொள்ளச் சொன்னாள். அது தன் துறை அல்ல என்றார் ஆய்வாளர்.

டேப்லெட்டில் 'வசதி இல்லை' என்று மாற்றினார். அதுவும் போகவில்லை. கடைசியில் காகிதத்தில், வசதி இல்லை எனத் தெரிகிறது என்று எழுதினார். 'எனத் தெரிகிறது' என்பதை அடிக்கச்சொல்லி, அப்புறம்தான் டெய்லரம்மா வழிவிட்டார்.

மறுநாள் காலை இயந்திரக்காரர் வண்டியைக் கிளப்பப் பார்த்தார். காகிதம் வந்ததாம், மேலிடத்து உத்தரவு வரவில்லையாம். இயந்திரத்தின் முன்னால் டெய்லரம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்தார், மடியில் பித்தான் துளைக்குக் காஜா எடுக்கவேண்டிய சட்டைகளோடு. பின்னால் தெரு உட்கார்ந்தது.

"எப்பம்மா எந்திரிப்பீங்க?"

"எங்க வீட்டுச் செவுத்துல ஓட்டை போட்டு கேபிள் உள்ள வந்ததும்."

ஊசியில் நூலைக் கோத்தார். இயந்திரக்காரர் எஞ்சினை அணைத்தார்.