முள் நின்ற இடம்

எதிர்வீட்டுக்காரி புதிய ஊதுபத்தியைப் பற்றவைத்து, சுடரை வாயால் ஊதி அணைத்து, அப்பாவின் தலைமாட்டில் தம்ளர் மணலில் குத்தினாள். கையை எடுப்பதற்குள் அணைந்த நுனி தானாக மறுபடி பற்றிக்கொண்டது. விரல் நீளச் சுடர், வெள்ளையாக, அசையாமல் நிமிர்ந்து நின்றது.

"இது என்னடி கூத்து?" என்று மறுபடி ஊதினாள். அணைந்து புகைந்தது. ஒரு மூச்சு விடும் நேரம். திரும்பவும் எரிந்தது.

"அக்கா, போர்வையைப் பாருங்க" என்றாள் அண்ணி. அவள் குரல் உள்ளுக்குள் போயிருந்தது.

அப்பாவின் கழுத்துக்குக் கீழே வெள்ளைப் போர்வை லேசாக உப்பியிருந்தது. உப்பிய இடம் மெல்ல நடுங்கியது. உட்கார்ந்திருந்த நான்கைந்து பெண்களும் அழுகையை நிறுத்திவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரி இரண்டடி பின்னால் நகர்ந்தாள். அம்மா மட்டும் தலையைத் தூக்கவில்லை.

மகள் எழுந்து பத்தியைப் பிடுங்கிச் சொம்புத் தண்ணீரில் முக்கினாள். பள்ளிக்கூட ஆய்வகத்தில் அவளுக்கு வேலை. வருடத்துக்கு ஒருமுறை, கனலும் குச்சியைக் கண்ணாடி ஜாடிக்குள் இறக்குவாள். அது குபீரென்று எரியும், பிள்ளைகள் கைதட்டுவார்கள். ஜாடிக்குள் என்ன இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். 

"யாரும் எதையும் பத்த வைக்காதீங்க."

போர்வைக்குள் கையை விட்டாள். அப்பாவின் கழுத்து சில்லென்றிருந்தது. அதற்குப் பக்கத்தில், அவர் மூக்கிலிருந்து காலையில் கழற்றிப் போட்ட குழாய். அதன் நுனியிலிருந்து மெல்லிய காற்று அவள் உள்ளங்கையில் பட்டுக்கொண்டிருந்தது, அவர் இன்னும் மூச்சு விடுவதைப் போல.

ஆக்சிஜன் சிலிண்டர் காலியாகிவிட்டது என்றல்லவா நினைத்திருந்தாள்.

ஒரு சிலிண்டர் பன்னிரண்டு மணி நேரம் வரும். மாலை ஆறுக்கு ஒன்று, காலை ஆறுக்கு ஒன்று. மாற்றுவது அவள் பொறுப்பு. நேற்று மாலை மாற்றினாள். இரவு மூன்று மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தபோது, சாத்திய கதவுக்குப் பின்னால் 'ஸ்ஸ்' என்ற சத்தம் வழக்கம்போல் கேட்டது. திரும்பிப் படுத்தவள் எழுந்தபோது மணி ஏழு. அறையில் சத்தம் இல்லை. அப்பா இல்லை. அம்மா கட்டிலோரம் அவர் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஆறு மணிக்குத் தீர்ந்திருக்கும், அந்த ஒரு மணி நேரத்தில் போயிருப்பார் என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். சிலிண்டரைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

வெளியூரிலிருந்து ஒன்பது மணிக்கு அண்ணியோடு வந்து இறங்கிய அண்ணன் அழுது முடித்ததும் முதலில் கேட்டது அதைத்தான்.

"ஆறு மணிக்கு மாத்தினியா?"

அவள் அவன் பையை வாங்கி ஓரமாக வைத்தாள்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? காலியாச்சா, இல்ல காத்து இருந்தும் வராம நின்னுடுச்சா? கம்பெனி ஆளை ஒரு மணிக்கு வரச் சொல்லியிருக்கேன். அவன் வந்து பாக்கட்டும். தப்பு அவனோடதா, உன்னோடதான்னு எனக்குத் தெரியணும்."

இப்போது அவன் வாசலில் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தான்.

சிலிண்டர் பீரோவுக்கும் சுவருக்கும் இடையில், துண்டு போர்த்தி நின்றது. அதைப் பார்க்க அப்பாவுக்குப் பிடிக்காது. முப்பது வருடம் ஆக்சிஜன் தீயால் பழைய கப்பல்களை வெட்டியவர். "கப்பலையே துண்டு துண்டா நறுக்கின காத்து இது. இப்ப என் மூக்குல மீசையா ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கு" என்று முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. மூன்று நாளைக்கு முன் அவள் கையைப் பிடித்து, "மூடிடும்மா, போதும்" என்றார். "பேசாம படுங்கப்பா" என்று போர்வையை இழுத்துவிட்டு, சமையலறைக்குப் போய்விட்டாள். அடுப்பில் எதுவும் இல்லை.

அவள் துண்டை விலக்கி, மேலிருந்த மீட்டரின் முள்ளைப் பார்த்தபடியே திருகை மூடினாள்.

முழுசாகத் தீர்ந்திருக்க வேண்டியதில் பாதிக்கு மேல் இருந்தது.

அவள் ஒருமுறைக்கு இருமுறை கணக்குப் போட்டாள். எப்படிப் போட்டாலும் நாலைந்து மணி நேரம்தான் ஓடியிருக்கிறது. நேற்று இரவு பத்து மணிக்கே யாரோ மூடியிருக்கிறார்கள். அண்ணன் வந்து கேள்வி கேட்ட பிறகு மூடியது தெரியக் கூடாதென்று யாரோ திறந்திருக்கிறார்கள், குழாய் போர்வைக்குள் கிடப்பதை மறந்து.

அந்த வீட்டில் நேற்று இரவு இருந்தது மூன்று பேர்.

முதலில் வந்தது நிம்மதிதான். நான் இல்லை. நான் தூங்கியதால் இல்லை. ஒரு மணிக்கு ஆள் வந்து முள்ளைப் பார்த்தால் போதும், அண்ணன் வாயடைத்துப் போவான். அந்த நிம்மதி உடம்பெல்லாம் பரவி முடிந்த பிறகுதான், பத்து மணியிலிருந்து ஏழு மணிவரை என்பது எவ்வளவு நேரம் என்று அவளுக்கு உறைத்தது.

திரும்பினாள். அம்மா இப்போது நேராக அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி அது?" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"ஒண்ணுமில்லக்கா. குழாய்ல மிச்சம் மீதி காத்து. எல்லாரும் உக்கார இடமில்ல, இதைப் பின்னால வச்சுட்டு வர்றேன்."

"ஆளைக் கூப்பிடேன். நீ தூக்கினா இடுப்பு போயிடும்."

"தூக்கல. உருட்டுறேன்."

சாய்த்து, அடிவிளிம்பில் சுழற்றிச் சுழற்றிக் கொண்டுபோனாள். அப்பா பட்டறையில் அப்படித்தான் கொண்டுபோவார். பின்பக்கம் துணி துவைக்கும் கல்லுக்கு அருகில் நிறுத்தி, கதவைச் சாத்தினாள். குழாயை உருவிவிட்டு, மூடிய திருகைத் திறந்து, காற்று போகும் அளவையும் முழுக்கக் கூட்டினாள். சத்தம் பெரிதாக எழுந்தது. இப்படி விட்டால் ஒரு மணி நேரத்தில் தீரும். மணி பதினொன்றரை.

கதவு திறந்து மூடியது. அம்மா வந்து துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள்.

"எதுக்கு வீணா விடுற?"

"அண்ணன் வரச் சொன்ன ஆளு முள்ளைப் பாப்பாரும்மா."

"முள்ளா? அதுல அப்படி ஒண்ணு இருக்கா?"

"எவ்வளவு மிச்சம்னு காட்டும்."

அம்மா சிலிண்டரின் தலையையே பார்த்தாள். "எத்தனை மணிக்குன்னு கூடத் தெரிஞ்சுடுமா?"

"கிட்டத்தட்ட."

 காற்று அம்மாவின் நெற்றி முடியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. அந்த முகத்தை மகள் ஓரக்கண்ணால் பார்த்தாள். தூக்கமில்லாத முகம்தான். ஆனால் சுருக்கங்கள் இளகி, காற்றாட உட்கார்ந்தவள்போல இருந்தாள்.

"உன்கிட்ட கேட்டாராமே."

"ம்."

"நீ முடியாதுன்னுட்டியாம். பாவம், குழந்தைகிட்ட போய்க் கேட்டுட்டேனேன்னு நொந்துக்கிட்டாரு."

அவளுக்கு நாற்பத்தோரு வயது.   இன்னொன்று பாக்கி இருந்தது. கேட்காமல் விட்டிருக்கலாம்.

"மூணு மணிக்கு நான் எழுந்தேம்மா. தண்ணி குடிக்க. சத்தம் கேட்டுச்சே."

அம்மா மேல்பல்லையும் கீழ்பல்லையும் சேர்த்து, உதட்டை லேசாகப் பிரித்தாள். 'ஸ்ஸ்' என்று மெல்லிய சத்தம் வந்தது. ஏறாமல் இறங்காமல், நீளமாக, அறைக்கதவுக்குப் பின்னால் கேட்ட அதே சத்தம். சிலிண்டரின் சத்தத்தோடு அது கலந்தபோது எது எது என்று பிரிக்க முடியவில்லை. மகளின் கைமுடிகள் சிலிர்த்து நின்றன.

"உன் காலடிச் சத்தம் கேட்டுச்சு. உள்ள வந்துடுவியோன்னு..." அம்மா மூச்சு வாங்கினாள். "நீ படுத்தப்புறமும் நிறுத்தப் பயமா இருந்துச்சு. விடியற வரைக்கும்."

முள் கால்வாசிக்கு இறங்கியது. உள்ளேயிருந்து அழுகை எழுந்து அடங்கியது. யாரோ குழாயடியில் பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடிவந்து, சிலிண்டரைச் சுற்றிக்கொண்டு வாய்க்காலுக்குப் போனது. இருவரும் கால்களை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

பன்னிரண்டரைக்குச் சத்தம் நின்றது.

ஒரு மணிக்குக் கம்பெனி ஆள் வந்தார். குனிந்து பார்த்து, திருகை ஒருமுறை திருப்பிப் பார்த்து, அண்ணனிடம் சொன்னார்: "எல்லாம் சரியாத்தான் இருக்கு சார். காலி, அவ்வளவுதான். ஆறு மணிக்கே மாத்தியிருக்கணும்."

அண்ணன் தங்கையைப் பார்த்தான்.

"தூங்கிட்டேன்" என்றாள்.

அவன் திட்டியிருந்தால் தேவலை. "நல்லா தூங்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனான். இனி அவன் ஆயுசுக்கும் அதைச் சொல்ல மாட்டான், மறக்கவும் மாட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது.

கம்பெனி ஆள் சிலிண்டரைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனார். நனைந்த சிமெண்டுத் தரையில் அது நின்ற இடம் மட்டும் காய்ந்த வட்டமாகத் தெரிந்தது. விளிம்பிலிருந்து ஈரம் உள்ளே ஊறத் தொடங்கியது. அம்மா நகர்ந்து கல்லில் அவளுக்கு இடம் விட்டாள். மகள் உட்கார்ந்தாள். வட்டம் தட்டளவாகி, காசளவாகி, பிறகு தரை முழுவதும் ஒரே நிறமானது.