மீற்றர் பூட்டிய வீடுகள்

தொண்ணூற்றேழாம் ஆண்டு, ஒரு ஞாயிறு மத்தியானம். வெளிநாட்டில், பாபகூரா என்ற ஊரில், மகேசன் அண்ணை வீட்டில் அறை எடுத்துப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த கஜந்தினி, அடுத்த நாள் அங்கே வாசிக்கவேண்டிய பேச்சை அவருடைய மனைவி யோகராணி அக்காவுக்குக் குசினியில் தமிழில் சொல்லிக் காட்டினாள். பல்கலைக்கழகத்தில் ஆட்களுக்கு முன்னால் அவளுக்குக் குரல் எழும்பாது. அக்காவுக்கு முன்னால் எழும்பும். அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு வருசம்தான்; ஒடாஹுஹுவில் ஒரு தொழிற்சாலையில் பிஸ்கற் பெட்டி அடுக்குகிற வேலை.

விசயம் இதுதான். எண்ணெய் எடுத்து விற்கிற ஒரு நாடு, தன் சனத்துக்கு மண்ணெண்ணெயை அடிமாட்டு விலைக்குக் கொடுக்கிறது. விலையை உயர்த்தினால் சனம் தெருவுக்கு வரும். ஆற்று நீரில் எடுக்கும் மின்சாரம் வீடுகளுக்குப் போய்விட்டால் விளக்குக்கு எண்ணெய் வேண்டாம்; தயங்காமல் உயர்த்தலாம். அவளுடைய பேராசிரியர் அந்த நாட்டு அமைச்சுக்காகச் செய்த ஆய்வில், எந்த மாகாணத்தில் தொடங்குவது என்று சொல்லும் பகுதி கஜந்தினி எழுதியது.

"மலைப்பக்க மாகாணத்தில் எண்பது வீத வீடுகளுக்கு மின்சாரம் உண்டு. அங்கே தொடங்கலாம்."

அக்கா வெங்காயம் உரிப்பதை நிறுத்தினாள். "எண்பதெண்டு என்னெண்டு தெரியும்?"

"மீற்றர் பூட்டின வீடுகளின்ர கணக்கு, அக்கா."

"எங்கட வீட்டிலயும்தான் மீற்றர் இருந்தது." அக்கா சிரித்தாள். "சண்டையால ஆறு வருசம் கரண்ட் இல்லை. குளவி அதுக்குள்ள கூடு கட்டிக் குடும்பம் நடத்தினது. உம்மட கணக்கில நாங்களும் குளவியும் நல்ல வெளிச்சத்தில இருந்திருப்பம், என்ன?"

கஜந்தினியும் சிரிக்கப் பார்த்தாள். முகம் சுட்டது. அவளைத் தொண்ணூறிலேயே கொழும்புக்கு அனுப்பிவிட்டார்கள். கரண்ட் இல்லாத ஊரில் நின்ற தங்கச்சி பிரசாந்தி, ஜாம் போத்தலின் அடியில், அருமையாகக் கிடைத்த மண்ணெண்ணெயில் கொஞ்சம் விட்டுத் திரி போட்ட விளக்கில் படித்தாள். அவளுடைய கடிதங்கள் நாலு வரியைத் தாண்டாது. சொந்த அக்காவுக்கு எழுத உனக்கு என்ன பஞ்சி, என்ன சோம்பல் என்று இவள் கோபித்து எழுதினாள். அடுத்த கடிதம் ஒரு பக்கம் வந்தது. அந்தப் பக்கத்துக்கு எவ்வளவு எண்ணெய் எரிந்தது என்று இந்தக் குசினியில்தான் முதல்முறை நினைத்தாள்.

"எண்ணெய் விலையை உயர்த்தினால், மீற்றர் மட்டும் இருக்கிற அதுகள் இருட்டில இருக்கப்போகுதுகள், பிள்ளை. அந்த அமைச்சு ஆக்களிட்டச் சொல்லும்," என்றாள் அக்கா.

திங்கள் காலை பேராசிரியரிடம் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். மின்சாரம் உண்மையில் வருகிறதா என்று அறிய வழியில்லை, எல்லோரும் இப்படித்தான் எண்ணுகிறார்கள், வேண்டுமானால் ஓர் அடிக்குறிப்புப் போடு என்றார். பேச்சைக் கேட்க அமைச்சிலிருந்து வந்த இருவர் நாலடி தள்ளி நின்று கோப்பி குடித்தார்கள். அவர்களிடம் அவளே போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை.

பேச்சில் எண்பது வீதம் என்றே வாசித்தாள். அடிக்குறிப்பு கடைசித் தாளின் அடியில், கண்ணாடி போட்டவருக்கும் தெரியாத எழுத்தில் கிடந்தது. அந்த இருவரும் அந்தத் தாள்வரை புரட்டவில்லை. நல்ல தெளிவான பேச்சு என்று கைகுலுக்கினார்கள்.

பின்னேரம் வேலையால் வந்த அக்கா, சப்பாத்தும் கழற்றாமல் கேட்டாள்.

"சொன்னீரோ?"

"ஓம் அக்கா. எழுதியும் போட்டனான்."

"கெட்டிக்காரி. அதுகளுக்காகக் கதைக்க ஒராள் எண்டாலும் இருக்குது."

அக்கா தேத்தண்ணி ஊற்றி, இவளுக்கு முன்னால் வைத்தாள். கஜந்தினி கோப்பையைப் பார்த்தபடியே குடித்தாள்.