வெட்டாத நரம்புகள்

மே மாதத்து மிச்சிகன் ஏரியில், மிதக்க வைக்கிற உயிர்ச்சட்டை இல்லாமல் விழுந்து பிழைத்தவன் அபூர்வம். உயிர்ச்சட்டை போடாதவனுக்கு அந்தக் குளிரில் பத்து நிமிடம். அதற்கு மேல் கை கால் சொன்ன பேச்சைக் கேட்காது. எங்கள் துறைமுகத்தில் இது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும், கேப்டன் டர்க்குக்கும் தெரியும்.

அன்றைக்கு எங்கள் வாடகைப் படகில் மீன் பிடிக்க இண்டியானாவிலிருந்து வந்தவர்கள் இரண்டு பேர்தான். நோரீன் என்ற அம்மாள், அவள் தம்பி லயல். விடிந்து ஒரு மணி நேரத்தில் பத்துத் தூண்டில் நரம்பும் தண்ணீரில் இருந்தன. நாலை ஈயக்குண்டு ஆழத்துக்குக் கொண்டுபோனது. ஆறை மிதவைப் பலகைகள் இரண்டு பக்கமும் விரித்துப் பிடித்தன. சால்மன் மீனுக்கு இப்படி இழுத்துக்கொண்டே போக வேண்டும். நடக்கிற வேகம், அதற்கு மேலும் இல்லை கீழும் இல்லை. படகு நின்றால் நரம்பு நுனியில் முள்ளோடு மினுக்குகிற தகடுகள் அமிழும், நரம்பெல்லாம் முறுக்கிக்கொள்ளும். மீன் மாட்டினாலும் நிற்க மாட்டோம். திரும்புவதென்றால் அகலமாக வளைத்துத்தான் திரும்புவோம். பதினெட்டு வருஷமாக டர்க் சுக்கானில், நான் பின்தளத்தில்.

நோரீனின் தூண்டில் கோல் வளைந்தது. ரீல் கத்தியது.

"ஏம்மா, மீன நீ புடிச்சிருக்கியா, மீன் உன்னப் புடிச்சிருக்கா?" என்று டர்க் மேலிருந்து சிரித்தான்.

"டேய் லயல், போட்டோ எடுடா! சும்மா நிக்கிற!"

"போட்டோ யாருக்கு வேணும்? வலைய நான் போடுறேன்க்கா."

"வலை என்னோட வேலை தம்பி. நீ உள்ள தள்ளி நில்லு," என்றேன் நான்.

"ஆர்வோ அண்ணன் எனக்கு ஒண்ணுமே விட மாட்டாரு போல," என்று சொல்லிக்கொண்டே உயிர்ச்சட்டையைக் கழற்றி இருக்கையில் போட்டான். கை வீச இடைஞ்சலாக இருக்கிறதாம். நான் பலகை ஒன்றைப் பார்க்கத் திரும்பின நேரம், வலையை எடுத்துக்கொண்டு ஓரத்தில் ஏறி நின்றிருக்கிறான். பக்க அலை ஒன்று அடித்தது. சத்தம் கேட்டுத் திரும்பினால் ஆள் இல்லை.

மிதவை வளையத்தை வீசினேன். எட்டவில்லை. படகு போய்க்கொண்டே இருந்தது.

"வளைச்சுட்டு வரேன்! நீ நரம்பச் சுத்து!" என்று டர்க் கத்தினான்.

இந்த வார்த்தையை அவன் ஆயிரம் தடவை சொல்லியிருப்பான். ஆயிரம் தடவை நான் செய்ததையே அன்றைக்கும் செய்தேன். முதல் கோலை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தேன். அவன் ரேடியோவில் உதவி கேட்டுக்கொண்டே படகை அகலமாக வளைத்தான், நரம்பு சிக்காதபடி, பதமாக. ஒன்றைச் சுற்றி முடித்தேன். அடுத்ததை எடுத்தேன். கை ஒழுங்காக வேலை செய்தது. அதுதான் கொடுமை.

நோரீன் கோலைக் கீழே போட்டுவிட்டாள். லயலின் தலை தூரத்தில் தெரிந்தது, மறைந்தது, தெரிந்தது.

"வெட்டுங்களேன்! எல்லாத்தையும் வெட்டிட்டு நேரா போங்களேன்யா!"

காதில் விழுந்தது. "இதோம்மா, இதோ" என்றேன். என் இடுப்பில் கத்தி இருந்தது. ஐந்தாவது கோலைச் சுற்றினேன். ஆறாவது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவன் முகம் தண்ணீருக்குள் இருந்தது. படகுக்குள் தூக்கிப் போட்டோம். மிச்சம் கிடந்த நரம்புகளை அப்போதுதான் வெட்டினேன், படகு வேகம் எடுக்க வேண்டுமே என்று. நாலையும் வெட்ட இரண்டு மூச்சு நேரம்கூட ஆகவில்லை.

கரை வரைக்கும் அவன் நெஞ்சை அழுத்திக்கொண்டே வந்தேன். துறைமுகத்துச் சுவர் தெரிந்தபோது நோரீன் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "போதும்," என்றாள்.

டர்க் சுக்கானை விடாமல் திரும்பிப் பார்த்தான். முகம் சாம்பல் மாதிரி இருந்தது. என்னிடம் தாழ்ந்த குரலில், "சுத்தி வச்சிருக்கிற ஆறையும் வெட்டிருடா. கரையில ஆளுங்க நிப்பாங்க. விழுந்த உடனே எல்லாத்தையும் வெட்டிட்டோம்னு சொல்லிக்கலாம். என் லைசென்ஸ் போச்சுன்னா நீயும் தெருவுலதான்," என்றான்.

எழுந்து போனேன். முதல் கோலின் நுனியில் கத்தியை வைத்து இழுத்தேன். தகடு கீழே விழுந்து சத்தம் போட்டது.

நோரீன் தம்பியின் தலையை மடியில் வைத்திருந்தாள். நிமிர்ந்து என் கையைப் பார்த்தாள்.

"இப்ப வெட்டுறீங்களா?" என்றாள்.

கத்தியை மடக்கினேன்.

கரையில் ஓர் அதிகாரி நோட்டோடு நின்றார். லயலை இறக்கின பிறகு, "நரம்பையெல்லாம் எப்ப வெட்டுனீங்க?" என்று கேட்டார்.

"உடனே," என்றான் டர்க்.

"இல்ல சார்," என்றேன். "அந்தப் பையன் தண்ணியில கெடந்தப்ப ஒண்ணக்கூட வெட்டல. ஆறு கோல உக்காந்து சுத்தினேன். நான்தான் சுத்தினேன்."

டர்க் என்னைப் பார்க்கவில்லை. அதிகாரி ஒவ்வொரு கோலாகக் கேட்டார். எவ்வளவு நேரம் ஆச்சு, அப்போது அவன் தலை தெரிந்ததா என்று. ஆறுக்கும் சொன்னேன். நோரீன் பக்கத்திலேயே நின்று முழுக்கக் கேட்டாள்.