பதினான்கு கைகள்

காலை ஆறு மணி ஷிப்டுக்கு ஐந்தே முக்காலுக்கே வந்து, உடைமாற்றும் அறையில் ஆளுக்கு ஆள் கைகொடுத்து முடித்த பிறகுதான் அந்தப் பதினைந்து பேரும் வேலையைத் தொடுவார்கள். குரோய்டனின் ஒதுக்குப்புறத்தில் இருந்த அந்தச் சாண்ட்விச் தொழிற்சாலையில் மற்றவர்களெல்லாம் காற்றோடு ஒரு "மோர்னிங்" சொல்லிவிட்டுப் போகிறவர்கள். இவர்கள் அப்படியல்ல. ஐவரி கோஸ்ட், மாலி, கொங்கோ என்று ஊர் பலவானாலும், எல்லோரும் பிரான்ஸில் வேலை பார்த்து, பிரெஞ்சுப் பாஸ்போட்டோடு லண்டனுக்கு வந்தவர்கள். பிரான்ஸில் வேலையிடத்தில் காலையில் ஒருவர் விடாமல் கைகொடுப்பது வழக்கம். ஒருவரை விட்டால், உன் முகத்தில் முழிக்க எனக்கு விருப்பமில்லை என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னதாகத்தான் அர்த்தம்.

இந்தக் கூட்டத்துக்கு இராஜேந்திரன்தான் நடுநாயகம். யாழ்ப்பாணத்து மனிதர், வயது ஐம்பத்திரண்டு. பாரிஸில் பதினெட்டு வருஷம் ரெஸ்ரோரண்டுகளில் கோப்பை கழுவி, மரக்கறி வெட்டி, பிறகு மகள் கம்சிகா ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று லண்டன் நோர்பரிக்குக் குடிவந்தவர். அவருடைய ஆங்கிலம் அரைகுறை. பிரெஞ்சும் ரெஸ்ரோரண்டுக் குசினியில் காதால் கேட்டுப் பிடித்ததுதான். ஆனாலும் மனேஜர் லோரா சொல்வதை அவர் பிரெஞ்சில் சொன்னால்தான் சாண்ட்விச் அடுக்கும் லைன் நகரும். அந்த மவுசு அவருக்குப் பிடித்திருந்தது. யாருக்குத்தான் பிடிக்காது?

அதில் மண் விழுந்தது நரசிம்மன் வந்த அன்று.

முப்பத்தைந்து வயது, புதுச்சேரிக்காரன். ஒரு தமிழ் முகத்தைக் கண்ட சந்தோஷத்தில் இராஜேந்திரன்தான் முதலில் போய்ப் பேசினார்.

"தம்பி, பிரெஞ்சுப் பாஸ்போட் எப்பிடி எடுத்தனீர்?"

"எடுக்கலண்ணே, பொறந்ததுலேருந்தே இருக்கு. எங்க தாத்தா அந்தக் காலத்துல பிரெஞ்சுக் குடியுரிமை வேணும்னு எழுதிக் கொடுத்துட்டார். அதுதான் வழிவழியா வருது."

இராஜேந்திரனுக்கு வயிறு பற்றிக்கொண்டது. அவருடைய விண்ணப்பத்தை இரண்டு தரம் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் தரம், கழுவிக் கழுவித் தோலுரிந்த கைகளை மடியில் ஒளித்துக்கொண்டு, ஒரு அதிகாரிக்கு முன்னால் பிரெஞ்சுக் குடியரசின் பெருமைகளை ஒப்பித்தார். அதே பாஸ்போட்டை இவன் தாய்ப்பாலோடு வாங்கியிருக்கிறான்! பொறாமையா என்று கேட்டிருந்தால் இராஜேந்திரன் அடிக்கவே வந்திருப்பார். ஆனால் அது பொறாமைதான், அதற்கு வேறு பெயர் கிடையாது.

பள்ளிக்கூடத்தில் படித்த நரசிம்மனின் பிரெஞ்சு வழுக்கிக்கொண்டு போனது. லைனில் மூத்தவளான அமினாத்தா பிரான்ஸில் பதினொரு வருஷம் துப்புரவு வேலை செய்தவள். அவளுடைய பென்ஷன் பற்றி அங்கிருந்து வந்த கடிதத்தை இராஜேந்திரன் மூன்று கிழமையாகப் பையில் வைத்துக்கொண்டு, பார்க்கிறேன் பார்க்கிறேன் என்று இழுத்தடித்தார். அந்தப் பெரிய பெரிய வசனங்கள் அவருக்குப் பிடிபடவில்லை. அதைச் சொல்ல வெட்கம். நரசிம்மன் அதைத் தேநீர் இடைவேளையில் வாங்கி வாசித்து, பதிலும் எழுதிக் கொடுத்துவிட்டான். அமினாத்தா அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடாத குறை.

அந்தக் கிழமைதான் லோரா அறிவித்தாள். லைனுக்குப் பிரெஞ்சு தெரிந்த ஒரு லீடர் வேண்டும். வெள்ளிக்கிழமை நீங்களே துண்டில் பெயர் எழுதித் தெரிவு செய்யுங்கள்.

லீடர் என்றால் சூடாக்கிய அறையில் கதிரையும் மேசையும். சாண்ட்விச் கெடாமலிருக்க லைனில் வைத்திருக்கும் நாலு பாகைக் குளிரில் எட்டு வருஷம் நின்று இராஜேந்திரனின் முழங்கால் இரண்டும் போய்விட்டன. மாடிப்படி ஏறவே ஏலாது. டொக்டர் குளிரில் நிற்க வேண்டாம் என்று எழுதியே கொடுத்துவிட்டார். இந்த வேலை கிடைக்காவிட்டால் இன்னும் ஒரு குளிர்காலத்தை அவர் தாண்டப்போவதில்லை.

"உங்களை விட்டா ஆருக்குக் குடுக்கப் போகினம்?" என்றாள் மனைவி செல்வமலர்.

"அந்தப் பாண்டிச்சேரியான் இருக்கிறானே."

"அவன் நேற்று வந்தவனப்பா. சும்மா மனசைப் போட்டு உழட்டாதேங்கோ."

உழட்டாமல் இருக்க அவரால் முடியவில்லை. இரவு முழுக்க அந்தப் பென்ஷன் கடிதம் கண்ணுக்குள்ளேயே நின்றது. வெள்ளி காலை உடைமாற்றும் அறைக்குள் நுழையும்போது நரசிம்மன் சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் கைகொடுத்துக்கொண்டிருந்தான். வோட்டுக் கேட்கிறான் என்று இராஜேந்திரனுக்குப் பட்டது. தினமும் செய்வதைத்தான் அவன் செய்தான் என்பது அந்த நேரம் அவர் மண்டையில் ஏறவில்லை.

அவரும் சுற்றிவந்தார். அமினாத்தாவுக்குக் கைகொடுத்தார், அடுத்தவருக்கு, அதற்கடுத்தவருக்கு. நரசிம்மன் நீட்டிய கை நீட்டியபடியே இருக்க, அவனைத் தாண்டிப் பக்கத்தில் நின்றவனின் கையைப் பிடித்தார்.

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நரசிம்மன் கையை மெதுவாக மடக்கிக்கொண்டு தொப்பியைச் சரிசெய்தான். இராஜேந்திரனுக்கு ஒரு கணம் உள்ளுக்குள் இனித்தது. அதை மறைக்கக்கூட அவர் முயலவில்லை.

பதினொரு மணிக்கு லோரா ஒரு காலிப் பெட்டியோடு வந்தாள். பதினைந்து பேரும் எழுதிப் போட்டார்கள். இராஜேந்திரன் தன் பெயரையே எழுதினார். அதில் என்ன தவறு? லோரா துண்டுகளைப் பிரித்து எல்லோர் முன்னாலும் வாசித்தாள். நரசிம்மன், நரசிம்மன், நரசிம்மன். நடுவில் ஒரு இராஜேந்திரன். மறுபடியும் நரசிம்மன். கடைசித் துண்டில் இன்னொரு இராஜேந்திரன்.

பதின்மூன்றுக்கு இரண்டு. இராஜேந்திரன் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் அந்த இரண்டாவது துண்டைப் பிடித்துக்கொண்டார். தனக்காக ஒருவராவது எழுதியிருக்கிறார். எட்டு வருஷப் பழக்கத்துக்கு அவள்தான் எழுதியிருப்பாள் என்று நம்பி, சாப்பாட்டு நேரத்தில் அமினாத்தாவிடம் போய் மெல்ல உட்கார்ந்தார்.

"நன்றியக்கா. நீங்கள் ஒருத்தியாவது என்னை நினைச்சீங்கள்" என்று பிரெஞ்சில் சொன்னார்.

அமினாத்தா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

"நான் உனக்கு எழுதவில்லை இராஜா. நேற்றுவரை உனக்குத்தான் எழுதுவதாக இருந்தேன், எல்லோரும் அப்படித்தான். எட்டு வருஷம் எங்களுக்காக வாய் வலிக்கப் பேசியவன் நீ. காலையில் அவன் கையை விட்டாயே, நாங்கள் பார்த்துக்கொண்டுதானே நின்றோம். அதற்குப் பிறகு பதின்மூன்று பேரும் கதைத்து, ஒரே பெயரைத்தான் எழுதினோம்."

இராஜேந்திரன் மனதுக்குள் கூட்டிப்பார்த்தார். இவர்கள் பதின்மூன்று. தான் ஒன்று. மிச்சம் ஒரே ஒரு ஆள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சூடான அறையில், லோரா நரசிம்மனுக்குக் கதிரையைக் காட்டிக்கொண்டிருந்தாள். அவன் உட்காரவில்லை, இவர் இருந்த பக்கம் பார்த்துக் கூச்சத்தோடு தலையை ஆட்டினான். பாஸ்போட்டும் அவனுக்கு, பிரெஞ்சும் அவனுக்கு, கதிரையும் அவனுக்கு. போகட்டும். கைகொடுக்காதவனின் பெயரை எழுதிப்போடுகிற மனசும் அவனுக்கே வாய்த்திருக்கிறதே என்று நினைக்க, இராஜேந்திரனுக்கு முன்னெப்போதையும்விட வயிறு எரிந்தது.