பவுன் சாரின் மணிக்கட்டு

மரச்சாமான் கடையின் மேனேஜரை எல்லோரும் பவுன் சார் என்றுதான் கூப்பிட்டார்கள். அவருக்குப் பதவி உயர்வு கிடைத்தபோது மனைவி வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரம்தான் காரணம். முகப்பைச் சுற்றிக் கல், தடித்த பட்டை, மொத்தமும் மஞ்சள் மினுமினுப்பு. "அசல் தங்கமா சார்?" என்று பில் போடும் பெண் கேட்டாள். அவர் ஆமாம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "என் வீட்டுக்காரிக்கு மட்டமானது வாங்கத் தெரியாதும்மா" என்றார். மீதியைக் கடை பார்த்துக்கொண்டது.

அது தள்ளுபடியில் வாங்கிய முலாம் கடிகாரம். அட்டைப் பெட்டியிலேயே அப்படி எழுதியிருந்தது. பெட்டியை அவர் முதல் வேலையாகக் கிழித்துப் போட்டிருந்தார்.

அதிலிருந்து கட்டில், பீரோ எதைக் காட்டினாலும் இடது கையால்தான் காட்டினார். "இது அசல் தேக்கு" என்று அவர் சொல்லும்போது மணிக்கட்டு சாட்சி சொன்னது. கட்டிலோ மரத்தூள் பலகை. மேலே தேக்கு நிறத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். வந்தவர்கள் கட்டிலை ஒரு பார்வையும் கடிகாரத்தை இரண்டு பார்வையும் பார்த்துவிட்டு வாங்கிப் போனார்கள்.

வெயில் காலம் வந்தது. வேர்வை ஒரு பக்கம், தினமும் அடித்துக்கொள்ளும் சென்ட் ஒரு பக்கம். பட்டையின் உள்பக்கம் வெளுத்து, பிறகு விளிம்பும் வெளுத்தது. கையில் பச்சையாக ஒரு வளையம் விழுந்தது. மகளின் நிறமில்லாத நகப்பூச்சை எடுத்து அவர் ரகசியமாகப் பூசிப் பார்த்தார். அது காய்ந்தபோது பட்டையின் கண்ணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கடிகாரம் வளையல்போல் விறைத்து நின்றது.

"வேற ஒன்னு வாங்கிக்குங்களேன்" என்றாள் மனைவி.

"தங்க வாட்ச்ச யாராவது தூக்கிப் போடுவாங்களா?"

"அது தங்கம் இல்லைங்க."

"அது நம்ம வீட்டுக்குள்ள. வெளியில அது தங்கம்தான்."

முழுக்கைச் சட்டைக்கு மாறினார். அப்படியும் மானம் தப்பவில்லை. கட்டில் வாங்கிய அம்மாள் ஒருவர், கட்டிலின் காலில் தாள் உரிகிறதென்று சண்டைக்கு வந்தார்.

"அது உரியல மேடம். நல்ல மரம்னா மூச்சு விடும்" என்று பவுன் சார் வழக்கம்போல இடது கையை நீட்டினார். சட்டைக் கை மேலே ஏறியது.

அந்த அம்மாள் மணிக்கட்டை உற்றுப் பார்த்தார். "உங்க வாட்சும் மூச்சு விடுது போல."

பில் போடும் பெண் குனிந்து எதையோ தேடினாள். அவள் தோள் குலுங்கியது. பவுன் சாருக்கு முகம் செத்துவிட்டது. அந்த அம்மாளுக்கு மறுபேச்சில்லாமல் வேறு கட்டில் போனது.

மறுநாள் பல்வலி என்று லீவு சொல்லிவிட்டு, ஊரின் மறுகோடியில் இருந்த முலாம் கடைக்குப் போனார். அமில நெடி மூக்கைத் துளைத்தது. ரப்பர் கையுறை போட்ட கடைக்காரப் பெண் கடிகாரத்தைப் புரட்டிப் பார்த்தாள்.

"மெஷின், கண்ணாடி எல்லாம் கழட்டிட்டுத்தான் முக்கணும். இதுமேல என்னத்தப் பூசினீங்க?"

"தெரியலம்மா. இது என் ஃபிரெண்டோட வாட்ச்."

அவள் அவர் கையிலிருந்த பச்சை வளையத்தைப் பார்த்தாள். கடிகாரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பவுன் சார் உட்கார இடம் தேடித் திரும்பினார். பெஞ்சில் அவர் வேலை பார்க்கும் கடையின் முதலாளி இருந்தார். சட்டையைக் கழுத்துப் பித்தான் வரை இறுகப் போட்டிருந்தார். விரல் தடிமன் சங்கிலி வெளியே தெரியாமல் அவர் சட்டை போட்டு யாரும் பார்த்ததில்லை.

முதலாளி பித்தானை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"பல்வலின்னு சொன்னீங்க?"

"டாக்டர் வீட்டுக்கு இதுதான் சார் குறுக்கு வழி. நீங்க எப்படி..."

"வீட்டுல ஒரு வளையல். பாலிஷ் போடணுமாம். நமக்கு இதெல்லாம் என்ன தெரியுது."

"ஆமா சார், நமக்கு என்ன தெரியுது."

கடைக்காரப் பெண் ஒரு தட்டோடு வந்தாள். அதில் சங்கிலி தகதகவென்று சுருண்டு கிடந்தது. "சார், போன தடவையே சொன்னேன்ல, கழுத்துல சென்ட் அடிக்காதீங்கன்னு. இப்படி மாசத்துக்கு ஒரு தடவை வந்தா எந்த முலாம்தான் தாங்கும்?"

முதலாளி தட்டைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நல்ல வளையல் சார். கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்" என்றார் பவுன் சார்.

கடிகாரம் தயாரானதும் முதலாளியே பவுன் சாரைத் தன் காரில் கொண்டுவந்து விட்டார். வழியில் இருவரும் மரவிலை ஏறுவதைப் பற்றிப் பேசினார்கள்.

அடுத்த நாள் காலை, எல்லோரும் கூடியிருந்தபோது முதலாளி பவுன் சாரின் கையைத் தூக்கிக் காட்டினார். "முந்தாநேத்து யாரோ சிரிச்சீங்களாமே? பாருங்க, வெயில்ல கொஞ்சம் அழுக்கு ஏறியிருந்துச்சு. துடைச்சதும் எப்படி இருக்கு. அதான் அசல்."

"உங்க சங்கிலிக்கு முன்னால இதெல்லாம் எம்மாத்திரம் சார்" என்றார் பவுன் சார்.

மாதம் முடிவதற்குள் அவருக்குக் குளிர்சாதனத்தோடு தனி அறை கிடைத்தது. தாமதமாக வந்தால் முதலாளி கேட்பதில்லை. முதலாளி சொல்லும் கணக்கை இவர் கேட்பதில்லை.

"திடீர்னு உங்களுக்கு எதுக்குத் தனி ரூம்?" என்று மனைவி சந்தேகமாகக் கேட்டாள்.

"எங்களுக்கு ஒருத்தர் மேல ஒருத்தருக்கு அப்படி ஒரு நம்பிக்கை" என்றார் அவர். அதைச் சொல்லும்போது அவர் குரல் உண்மையாகவே தழுதழுத்தது.