உயிரோடை வந்து சொல்லட்டும்

கனகலிங்கம் வாசலில் செருப்பைக் கழற்றினான். ஞானாம்பிகைக்கு அப்போதே விளங்கிவிட்டது, பொடியன் பெரிய காரியமாகத்தான் வந்திருக்கிறான் என்று. கரவெட்டியில் நல்ல சாதி, நல்ல வீடு, நாலு தோட்டம் உள்ளவர்களின் பிள்ளை, இப்போது இயக்கப் பொடியன்களோடு திரிகிறவன். புத்தூருக்குக் கிழக்கே, தாழ்த்தப்பட்ட சனம் இருக்கும் இந்தக் கலட்டிக் குறிச்சியில் அப்படிப்பட்ட ஒருவன் படலையைத் தாண்டுவதே அதிசயம். அதிலும் செருப்பைக் கழற்றினால்?

“அம்மா, குடிக்கத் தண்ணி தருவியளோ?” என்று கேட்டான்.

ஞானாம்பிகையின் தாய் சின்னாச்சி திகைத்துப் போனாள். அவளுக்கு வயது ஐம்பத்தைந்து. வெங்காயத் தோட்டத்தில் கூலிக்குக் கிண்டி மகளைப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியவள். அந்தச் சாதிப் பொடியன் ஒருவன் தன்னை ‘அம்மா’ என்றும் ‘தருவியளோ’ என்றும் சொல்வதை அவள் காது முதன்முதலாகக் கேட்டது. செம்பைக் கொடுத்தாள். அவன் வாயை வைத்தே குடித்தான்.

“அக்கா, ஞாயிற்றுக்கிழமை சந்தியிலை கூட்டம். நீங்கள் பேசவேணும். இந்தப் பக்கத்திலை பட்டம் எடுத்த பொம்பிளை நீங்கள் ஒராள்தானே.”

“என்னத்தைப் பற்றிப் பேச?”

“கம்பசுக்குத் தமிழ்ப் பிள்ளையளிட்டைக் கூடப் புள்ளி கேக்கிற தரப்படுத்தலைப் பற்றி, வேலையில்லாததைப் பற்றி. கடைசியிலை விதானையாரின்ரை பேரைச் சொல்லி, அவர் துரோகி எண்டு சொல்லவேணும்.”

விதானையார் இராசநாயகம். கிராமத் தலைமை உத்தியோகம் போய்ப் பல வருடம், பட்டம் மட்டும் போகவில்லை. போன மாதம் கொழும்பிலிருந்து அமைச்சர் வந்தபோது சந்தியில் பூரண கும்பம் வைத்து, ரோசாப்பூ மாலை போட்டவர் அவர். அறுபத்தெட்டில் அம்மன் கோயிலுக்குள் போகப் பார்த்த கலட்டிச் சனத்தைப் பொல்லால் அடிப்பித்தவரும் அவர்தான். ஞானாம்பிகையின் தகப்பன் இளையதம்பிக்கு அன்று மண்டை பிளந்தது. இரண்டு வருடம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்து செத்துப் போனார். அந்த அடிபாட்டுக்கு அடுத்த கிழமையே கோயில் கிணற்றைச் சுற்றிக் கம்பி அடித்து விதானையார் பூட்டுப் போட்டார். இன்றைக்கும் கலட்டிப் பெண்கள் கம்பிக்கு வெளியே குடத்தை நீட்டிக்கொண்டுதான் நிற்கவேண்டும். உள்ளே அள்ளுகிற ஆளுக்கு மனம் வந்தால் தண்ணீர். ஞானாம்பிகை லீவில் வந்து பி.ஏ. சோதனைக்குப் படித்ததில் பாதி அந்தக் கம்பியடியில் நின்று படித்தது.

“அப்ப கிணத்தைப் பற்றியும் சொல்லலாந்தானே?” என்றாள்.

கனகலிங்கம் தலையைச் சொறிந்தான். “அதை இப்பக் கிளறவேண்டாம் அக்கா. கூட்டத்துக்கு வாறது எல்லாச் சனமும். ஒற்றுமை குலைஞ்சு போகும். தமிழருக்கெண்டு நாடு வரட்டும், பேந்து பாப்பம்.”

“தம்பி, எட்டு வருசமாக் கிணத்தைப் பூட்டி வைச்சிருக்கிறார். அப்பவெல்லாம் அவர் துரோகி இல்லையோ? ஒரு மாலையோடைதான் துரோகியாப் போனவரோ?”

 கெட்டிக்காரன், சிரித்தான். “யோசிச்சுச் சொல்லுங்கோ” என்று எழும்பிப் போனான்.

அவன் போன கையோடு தம்பி தம்பிராசா வந்தான். கணிதத்தில் ஊரையே விழுத்தக்கூடிய மூளை. தரப்படுத்தலில் நாலு புள்ளியால் பொறியியல் போயிற்று. அன்றிலிருந்து அவன் வீட்டில் கதைப்பது குறைவு, சைக்கிளில் சுற்றுவது அதிகம்.

“ஓம் எண்டு சொன்னனியோ?”

“உனக்கென்ன உவ்வளவு அவசரம்?”

“நீ பேரைச் சொல்லு அக்கா, போதும். மிச்சம் என்ரை வேலை.”

 மேடையில் பேர் சொல்லப்பட்ட ஆட்கள் பிறகு தெருவில் எப்படிச் செத்துக் கிடந்தார்கள் என்று குடாநாடு முழுக்கத் தெரியும். சொல்ல ஒரு வாய், சுட ஒரு கை. வாயும் கையும் ஒரே வீட்டில் இருந்தால் வசதிதானே. அதுவும் மண்டை பிளந்தவனின் வீடு. நாளைக்கு ஆரும் கேட்டால் ‘அவங்கடை சாதிக் கோபம்’ என்று கையைக் கழுவிவிடலாம்.

“விசரா! உன்னை ஏன் பிடிச்சவங்கள் எண்டு தெரியுமோ? உனக்கு அந்த ஆளிலை கோபம் இருக்கு. அவங்களுக்கு ஒரு பிணம் வேணும்.”

“நீ ஒண்டும் விளங்காமல் கதையாதை.”

“உங்கடை கனகு ஒருநாளாவது தன்ரை கோப்பையிலை உனக்குத் தேத்தண்ணி தந்தவனோ?”

“தந்தவன்” என்றான் தம்பிராசா. “தான் குடிச்ச கோப்பையிலை மிச்சத்தைத் தந்தவன். அவன்ரை தாய் பாத்துக்கொண்டு நிண்டவ. முதன்முதலா ஒருத்தன் என்னைத் தேவை எண்டு கேட்டிருக்கிறான் அக்கா. அரசாங்கம் கேக்கேல்லை, ஊர் கேக்கேல்லை. அவன் கேட்டவன்.”

 அவன் பொய் சொல்லியிருந்தால் ஞானாம்பிகை கிழித்துப் போட்டிருப்பாள். அவன் சொன்னது உண்மை. கனகலிங்கமும் நடிக்கவில்லை. தேநீர்க் கடையில் தங்கள் சாதிக்கென்று ஒதுக்கிய போத்தலில் குடித்து வளர்ந்தவனுக்கு அந்தக் கோப்பை எவ்வளவு இனித்திருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? பட்டமளிப்பு அன்று அவள் அழுததும் அதே இனிப்புக்காகத்தான்.

“நான் பேசுறன் எண்டு போய்ச் சொல்லு” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் சந்தி நிரம்பி வழிந்தது. முன்னால் கதிரை, பிறகு நீட்டு வாங்கு, கடைசியில் வெறும் நிலம். வெறும் நிலத்தில் சின்னாச்சியும் கலட்டிப் பெண்களும். “செல்வி ஞானாம்பிகை இளையதம்பி, பி.ஏ.” என்று ஒலிபெருக்கி முழங்கியபோது அந்தப் பக்கம் மட்டும் கைதட்டு இடிபோலக் கேட்டது. ஊரில் அவளின் தகப்பன் பேரை மரியாதையோடு யாரும் சொன்னது அதுதான் முதல் தடவை.

தரப்படுத்தலைப் பேசினாள். சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்த வருடத்தில் தான் அரிவரி படித்ததைப் பேசினாள். ஒவ்வொன்றும் நியாயம், ஒவ்வொன்றுக்கும் கைதட்டு. மேடைக்குக் கீழே தம்பிராசா சேர்ட்டை வெளியே விட்டுக்கொண்டு நின்றான். இடுப்பில் எதுவோ துருத்தியது.

“விதானையார் இராசநாயகம்” என்றாள்.  “அமைச்சருக்கு மாலை போட்டவர். எனக்கு அந்த மாலை பெரிசில்லை. என்ரை அப்பாவின்ரை மண்டையை உடைப்பிச்சவர். கோயில் கிணத்தைப் பூட்டித் திறப்பை மடியிலை வைச்சிருக்கிறவர். இஞ்சை கதிரையிலை இருக்கிற எத்தினை பேர் அந்தக் கிணத்திலை காலமை தண்ணி அள்ளிப்போட்டு ஒற்றுமை எண்டு கைதட்ட வந்தனீங்கள்?”

முன்வரிசையில் ஒருவர் எழும்பினார். “பிள்ளை, இறங்கு கீழை!”

“அவரிலை எனக்கு இருக்கிற கோபம் உங்கள் ஒருத்தருக்கும் இல்லை. அந்தக் கோபத்தோடைதான் சொல்லுறன். அவரிலை ஒருத்தரும் கை வைக்கப்படாது!”

மைக் செத்தது. வயரை எவனோ இழுத்துவிட்டான். இழுத்தவனுக்குத் தெரியாது, அவள் வரம்புக்கு வரம்பு கூப்பிட்டுக் கதைத்து வளர்ந்தவள் என்று. அந்தத் தொண்டைக்கு மைக் எதற்கு?

“செத்த ஆள் பதில் சொல்லாது. அவரைச் சுட்டால் கம்பி அப்பிடியே நிக்கும், திறப்பு மகனின்ரை மடிக்குப் போகும். அவர் உயிரோடை கிணத்தடிக்கு வந்து என்ரை அம்மாவுக்குப் பதில் சொல்லட்டும். இது எங்கடை வழக்கு. எங்கடை காயத்தை ஒருத்தரும் இரவல் வாங்கவேண்டாம்!”

வெறும் நிலத்தில் சின்னாச்சி எழும்பி நின்றாள். அவளைப் பார்த்து மற்றப் பெண்களும் எழும்பினார்கள். கைதட்டவில்லை. நின்றார்கள், அவ்வளவுதான்.

இறங்கும்போது கனகலிங்கம் வழியை மறித்தான். “என்ன வேலை பாத்தனீங்கள் அக்கா? நாளைக்கு உங்களையும் துரோகி எண்டு சொல்லுவினம்.”

“சொல்லட்டும் தம்பி. சொல்லேக்கை கிணத்தைப் பற்றியும் சேர்த்துச் சொல்லச் சொல்லும்.”

அவன் முகத்தில் கோபத்தை விட வேதனைதான் கூட இருந்தது. அது அவளுக்கும் வலித்தது. ஆனாலும் நடந்தாள்.

அன்று தம்பிராசா வீட்டுக்கு வரவில்லை. சின்னாச்சி படலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விடிந்ததும் பெண்கள் குடங்களோடு கிணற்றடிக்குப் போனபோது விதானையார் அங்கே நின்றார். பக்கத்தில் ஆள் இல்லை, கையில் பொல்லு மட்டும். முகம் கன்றிச் சிவந்திருந்தது.

“ஆரடி அவள்? என்ரை உயிருக்குப் பிணை நிக்க நீ ஆரடி? உன்ரை பிச்சையிலோ நான் சீவிக்கிறது? ஊர் முழுக்கச் சிரிக்குது!”

அவர் கத்தக் கத்த ஞானாம்பிகைக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஒரு வசவும் அவளில் ஒட்டவில்லை. எட்டு வருடமாகக் கலட்டிச் சனத்தின் முகத்தைப் பார்க்காதவர் இப்போது நேருக்கு நேர் பார்த்துத்தான் கத்துகிறார்.

அப்போதுதான் தம்பிராசா ஒழுங்கையால் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். அவள் பார்வை முதலில் அவன் இடுப்புக்குத்தான் போனது. சேர்ட்டை உள்ளே விட்டிருந்தான். இடுப்பில் ஒன்றும் இல்லை.

“சாமானைத் திருப்பிக் குடுத்திட்டன்” என்றான் மெதுவாக. “அவங்கள் வேறை ஆளைப் பிடிப்பாங்கள் அக்கா.”

“தெரியும். அதுக்குள்ளை நாங்கள் கதைச்சு முடிக்கவேணும்.”

அவன் தாயின் குடத்தை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு அக்காவின் பக்கத்தில் வந்து நின்றான். ஞானாம்பிகை கம்பியில் கையை வைத்தாள்.

“வந்திட்டியள்தானே, விதானையார். முதலிலை திறப்பை எடுங்கோ. பேந்து எவ்வளவு நேரமெண்டாலும் ஏசுங்கோ, கேக்கிறம்.”